கிராணி வீட்டுக் கண்ணாடி அலமாரி

பீடோங் பக்கத்துத் தோட்டம்,
ஜப்பான்காரன் கணக்கில் 2603, நம் கணக்கில் 1943, செப்டம்பர் 12.

செந்தூலில் குடியிருக்கும் செல்வ மகள் பிரேமாவதிக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டின் ஒரே கோழியானவள் சென்ற வெள்ளிக்கிழமை முதல் முட்டையிடும் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டாள். விசாரணை நடந்தது. அவளுக்கு ஆறு மணிக்கு விடிந்தால் டோக்கியோ நேரப்படி கடிகாரத்தில் ஏழரை, ஏழரை பிடித்த இடத்தில் எவள் முட்டையிடுவாள் என்று கேட்கிறாள். இதை அம்மா சொல்லவில்லை அக்கா. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறவன் உன் தம்பி குழந்தைவேலு, பேச்சு அவளுடையது, வால் என்னுடையது. நாங்கள் இருவரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறாள்.

அப்பாவைப் பற்றிச் சேதி இல்லை. சயாமில் ரயில் ரோடு போட மூன்று மாதம், பிறகு வீடு என்று சொல்லி ஏப்ரலில் லாரியில் ஏற்றினார்கள், ஐந்து மாதம் ஆகிவிட்டது. இதுவரை உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதச் சொல்கிறாள். தபாலில் போனால் பிரித்துப் படிப்பார்கள், இது லாரி ஓட்டும் சுப்பிரமணியம் அண்ணன் மடியில் வருவதால் தைரியமாக எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது அப்பா பெயர் இல்லை. நம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகத்தின் மச்சான் அழகப்பன் பெயர்தான் இருந்தது. கிராணி அதை அடித்துவிட்டுப் பழனியாண்டி என்று எழுதியதை, ஆபீஸ் கூட்டுகிற பிச்சையம்மாள் விளக்குமாறும் கையுமாக நின்று பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் ஆளெண்ணும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டதும் அப்பா, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து, “கிராணியாரே, உங்க அலமாரி பாதியில நிக்குதுங்களே” என்றார். அதற்கு அவன், “வந்து முடிச்சுக்கலாம், ஏறு லா” என்றான். நானும் அம்மாவும் பக்கத்திலேயே நின்றோம். அந்தப் பேச்சை அம்மா இன்னும் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

அந்த அலமாரி என்ன என்று நீ கேட்பாய். வெள்ளைக்காரத் துரை பங்களாவை விட்டு ஓடினபோது அவன் சாமான்களில் பாதி கிராணி வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தன, கால் முளைத்திருக்கும் போல. பீங்கான் தட்டுகள், கண்ணாடிக் குவளைகள், ஒரு வெள்ளிக் கோப்பை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு வெண்கல யானை. இத்தனையும் வருகிறவர்கள் கண்ணில் படும்படி அடுக்கி வைக்க அவனுக்கு ஓர் அலமாரி வேண்டியிருந்தது. அப்பா மரவேலையை முழுக்க முடித்து, கண்ணாடித் தட்டுகளைச் செருகுவதற்குப் பக்கப் பலகைகளில் காடிப் பள்ளமும் எடுத்து வைத்திருந்தார். கண்ணாடி மட்டும்தான் பாக்கி. போன மாதம் கிராணி என்னைக் கூப்பிட்டு, “உங்கப்பன் விட்டுட்டுப் போனத நீ முடிச்சுக் குடுடா” என்றான். நான் மாட்டேன் என்று சொல்ல இருந்தேன். அம்மாதான், “விட்டுட்டுப் போனாராமா? அனுப்புன வாயி பேசுற பேச்சப் பாரு. நீ போடா. போயி முடி. ஆனா அது நிக்கக் கூடாது” என்றாள்.

அக்கா, இனிமேல் வருவது உன் தம்பியின் வீரப் பிரதாபம், உட்கார்ந்து படி. அங்கே இரண்டு வகைக் கண்ணாடி இருந்தது. ஒன்று பங்களா ஜன்னலில் இருந்து கழற்றியது, அரைக்கால் அங்குலம். இன்னொன்று துரை சாப்பாட்டு மேசையின் மேல் கிடந்தது, நல்ல கால் அங்குலம். அலமாரித் தட்டு மூன்றடி நீளம், நடுவில் தாங்கல் கிடையாது. மூன்றடிக்கு எது தாங்கும் என்று பார்க்க, ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டை நம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு செங்கல் மேல் வைத்து மரவள்ளிக் கிழங்கை ஒவ்வொன்றாக ஏற்றினேன். உடனே உடையவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி கீழே தொங்கியது, அவ்வளவுதான். பத்தாம் நாள் யாரும் தொடாமலே படாரென்று போனது. அம்மா கை தட்டினாள், அப்பா போன பிறகு அவள் கை தட்டி அன்றுதான் பார்த்தேன். கிராணிக்குக் கால் அங்குலத்தைப் போடத்தான் ஆசை. நான் விடவில்லை. துரைமார் ஊரில் மெல்லிசுதான் மதிப்பு, தடித்த கண்ணாடி போடுகிறவன் மீன் கடைக்காரன் என்று ஒரு போடு போட்டேன். மனிதன் நம்பிவிட்டான்! அரைக்கால் கண்ணாடியைச் செருகி, காடியில் மிச்சம் இருந்த இடத்தை ரப்பர் ஷீட்டை நறுக்கி வைத்து அடைத்து, வெண்கல யானையை என் கையாலேயே நட்ட நடுவில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள். நாளை ஒரு ஜப்பான் அதிகாரியைத் தேத்தண்ணீருக்கு அழைத்திருக்கிறானாம். அம்மா அம்மியைத் தூக்கிக் கிராணி வீட்டைப் பார்க்கிற பக்கமாகப் போட்டுக்கொண்டாள். “ஒரு தட்டு முழுசா மிஞ்சக் கூடாது, அந்த யான அவன் பாதத்துலயே விழணும்” என்று தினமும் அரைக்கிறாள். அரைக்க மிளகாய் இல்லை, ஆனாலும் அரைக்கிறாள்.

பிள்ளைக்கு வெறும் மரவள்ளியாகக் கொடுக்காதே, வயிறு ஊதும், கீரையை அவித்துப் பிசைந்து கொடு என்கிறாள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். உன் கூறைப்புடவையை எந்தக் கஷ்டத்திலும் கிழித்துச் சட்டை தைத்துவிடாதே, அப்பா எடுத்துக் கொடுத்தது. மாப்பிள்ளை ரயில் பட்டறையில் வேலை செய்வதால் சயாமில் இருந்து வருகிறவர்கள் யாரையாவது பார்த்தால், பழனியாண்டி, தச்சு வேலை, இடது கையில் சுண்டு விரல் பாதிதான் என்று அடையாளம் சொல்லிக் கேட்கச் சொல். மறக்காமல் கேட்கச் சொல் என்று இரண்டு தடவை எழுதச் சொல்கிறாள், மறக்காமல் கேட்கச் சொல். நீயும் உன் குடும்பமும் தலை நிமிர்ந்து, நோய் நொடி அண்டாமல், நமக்குக் கெடுதல் செய்தவன் கெடுவதைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் நன்றாக வாழ வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
மருதம்மாள்
(கீழே அடுப்புக்கரியில் இருப்பது அவள் பெருவிரல்)

அக்கா, அம்மா கிழங்கு அலசக் குழாயடிக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். கிராணி வீட்டில் நடந்ததாக மேலே நான் அளந்ததில் யானை மட்டும்தான் நிஜம். கிராணி கால் அங்குலத்தைக் கேட்கவே இல்லை. அதைத் தன் ஆபீஸ் மேசைக்கு வைத்துக்கொள்ள நினைத்து, “மெல்லிசே போதும் லா, போட்டு முடி” என்று அவனேதான் சொன்னான். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பழி தானாக வந்து கையில் உட்கார்ந்தது. செருகியும் பார்த்தேன். காடியில் கடகடவென்று ஆடியது. ரப்பர் வைத்து அடைக்கக் குனிந்தபோது, காடிக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். “கால் அங்குலம். குறையக் கூடாது.” அவ்வளவுதான் எழுதியிருந்தார். செருகிய கண்ணாடியை உருவி எடுத்துவிட்டேன். பிறகு அந்தப் பாவியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கால் அங்குலத்தை வாங்கிப் போட்டேன். கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை. அதன்மேல் உண்மையான யானையே ஏறினாலும் நிற்கும். கிராணி என் முதுகில் தட்டிக் கொடுத்தான், சிரித்துக்கொண்டு நின்றேன், வெட்கக்கேடு.

அவன்மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதே. வந்து முடிச்சுக்கலாம் என்றுதானே அப்பாவிடம் சொன்னான்? அப்பா வந்தால் கஞ்சி குடிக்கும் முன்பே அங்கேதான் போவார், காடியில் விரலை வைத்துப் பார்ப்பார். மெல்லிசைப் போட்டிருந்தால், அவர் வந்து பார்க்கப் போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும்.

நீ இங்கே வரும்போது அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவள் அந்தச் சத்தத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறாள். இதோ வந்துவிட்டாள். “ஏன்டா, இன்னும் விழலியா?” என்கிறாள். இன்னும் ரெண்டு நாள்மா என்றேன்.