பேனரில் இல்லாத கை

புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு நாற்றம் உண்டு. பெயிண்டும் ரப்பர் செருப்பும் வெயிலில் சேர்ந்து வெந்த மாதிரி, வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் உன் வாசலுக்கு எதிரே, கரண்ட் கம்பத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் கட்டியது இன்னும் நாறுகிறது. பக்கத்து வீட்டில் நான் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைப் புகையை இழுத்து இழுத்தே பழகிப்போன எனக்கு ஒரு பிறந்தநாள் பேனர் குமட்டுகிறது என்றால் நீ சிரிப்பாய். சிரிக்காதே, முழுதும் கேள்.

உன் மகள் யாழினிக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. அதற்குத்தான் பேனர். நடுவில் ஒரு குழந்தை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் உதடு, முதுகில் இறக்கை, தலையில் கிரீடம். பக்கத்தில் ஒரு கரடி பொம்மை. இது யார் வீட்டுக் குழந்தை என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். கீழே பெயரைப் படித்த பிறகுதான் உற்றுப் பார்த்தேன். அது நான் எடுத்த படம்டி. உன் வீட்டு ஜன்னலோரம் நீ அவளைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் தரையில் குப்புறப் படுத்து எடுத்தது.

எப்படி எடுத்தோம் என்று உனக்கு நினைவிருக்கும். கம்பெனியில் ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றிக் கட்டும் லைனில் நாளெல்லாம் எதிரெதிரே நின்று வேலை பார்க்கிற இரண்டு பேருக்குக் குழந்தையைப் படம் எடுக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் தப்புத் தப்பாக எடுத்துத்தான் கண்டுபிடித்தோம். முதலில் டியூப் லைட்டுக்குக் கீழே போட்டு எடுத்தோம், குழந்தை நோய் வந்த மாதிரி பச்சையாகத் தெரிந்தாள். ஃபிளாஷ் போட்டோம், வீறிட்டு அழுது உன் தோளில் பாலைக் கக்கினாள். "லைட்டெல்லாம் வாணாம், இந்த ஜன்னலு போதும்" என்று நீதான் அங்கே கிடந்த கட்டிலை இழுத்து நகர்த்தினாய். வெயில் நேராக விழுந்தால் கண்ணைச் சுருக்குகிறாள் என்று உன் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டினாய். அதற்குப் பிறகு அந்தச் சின்ன அறையில் விழுந்த வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

கரிதான் நம் பெரிய தொல்லை. வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினால், அவள் சிரிப்பதற்குள் ஆலையின் கரித்தூள் பொடிப்பொடியாகத் துணியில் இறங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுப்பாகும். "ஊட்ட தொடைக்கிறதா, ஊர தொடைக்கிறதா?" என்று திட்டிக்கொண்டே துடைப்பாய். கடைசியில் வெள்ளையை விட்டுவிட்டு உன் பழைய பச்சைச் சேலையை விரித்தோம். கரியும் தெரியவில்லை, அவள் நிறமும் எடுப்பாக வந்தது. கறுப்புக் குழந்தைக்கு வெள்ளைத் துணி போட்டால் போன் குழம்பிப்போய் முகத்தை இருட்டாக்கிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

பால் குடித்து ஏப்பம் விட்ட பிறகு கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. மேலே நின்று எடுத்தால் தலை பெரிதாகவும் உடம்பு சூம்பியும் தெரியும் என்று நான் தரையோடு தரையாகப் படுப்பேன். லென்ஸைத் துப்பட்டா நுனியில் துடைத்து, திரையில் அவள் கண்ணைத் தொட்டுவிட்டுக் காத்திருப்பேன். போன் தானாகவே முகத்தை மழுமழுவென்று ஆக்குகிற அந்த பியூட்டி கருமாந்திரத்தை முதலில் அணைத்தாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைச் சரிசெய்வோம். ஓரத்தில் தெரியும் பால் பாட்டிலை வெட்டுவேன், இருட்டைக் கொஞ்சம் தூக்குவேன். விரல் கொஞ்சம் கூடப் போனால் உடனே கையைத் தட்டிவிடுவாய். "கொயந்தைய வெள்ளையாக்காதடி, வெளிச்சத்த மட்டும் ஏத்து" என்பாய். உனக்கு அந்த வெள்ளை மேல் அப்படி ஒரு வெறுப்பு. "என் கல்யாண ஆல்பத்துல எனக்கு வெள்ளையடிச்சி வெச்சிக்கீறானுங்க. எங்கம்மாவே இது யாரு பொண்ணுன்னு கேட்டுச்சி" என்று சொல்லி பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய்.

எல்லாப் படத்திலும் உன் கை இருந்தது. அப்போது அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை. பிடரிக்குக் கீழே நீ கையைக் கொடுத்தால்தான் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். சேலையால் எவ்வளவு மூடினாலும் நான்கு விரலாவது வெளியே தெரியும். மூஞ்சியையும் காட்டேண்டி என்று எத்தனை தடவை கெஞ்சினேன். "போடி, எண்ண வழியுது. கொயந்தைய எடு. நான் அப்பால குளிச்சிட்டு வந்து நிக்கிறேன்" என்றாய். உன் அப்பால கடைசி வரை வரவேயில்லை. காய்ச்சல்தான், ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஆட்டோவில் ஏறிப் போனவள் திரும்பி வரவில்லை. உன் மேலும் எனக்குக் கோபம்தான், தெரிந்துகொள். எண்ணெய் வழிந்தால் என்னடி? வழியட்டுமே!

நீ போனதும் உன் நாத்தனார் பெரியபாளையத்திலிருந்து வந்து யாழினியைத் தூக்கிக்கொண்டார். தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்து வளர்க்கிறார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். பிறந்தநாளுக்கு நல்ல படமாக ஒன்று அனுப்பும்மா என்று அவர் கேட்டபோது, இருப்பதிலேயே நல்லதைத் தேடி அனுப்பினேன். உன் போனில் இடம் இல்லை, அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் என் போனில்தானே விட்டுவிட்டுப் போனாய்.

பேனர் கட்டிய அன்று அவரிடமே கேட்டேன். "அக்கா, இதுல அவ கை எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேம்மா" என்றார், ஏதோ ஒட்டடை எடுத்த மாதிரி. "நல்ல காரியத்துல செத்தவ கை இன்னாத்துக்கு? கொயந்தைக்கு ஆவாது. அந்த எடத்துலதான் கரடி பொம்ம போட்டுக்கீறான்."

"இந்தக் கலரு?"

"பொட்டப்புள்ளம்மா. நாலு பேரு பாக்கறது. கொஞ்சம் செவப்பா இருந்தா இன்னா கெட்டுப்பூடுச்சி?"

பிள்ளை விழாமல் ஏந்திய கையை அறுத்து எறிந்துவிட்டு, அங்கே ஒரு பஞ்சுக் கரடியை வைத்திருக்கிறார்கள். யாழினி எதன் மேல் தலை சாய்த்துச் சிரித்தாளோ அது இப்போது படத்தில் இல்லை. தலை சும்மா ஆகாயத்தில் தொங்குகிறது. சாணியை மிதித்துவிட்டால் கழுவிவிடலாம், இதை என்ன செய்ய?

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேனரைப் பார்த்து அலறினார். "ஐயையோ, திஷ்டிப் பொட்டு எங்க?"

உண்மைதான். நீ அன்றைக்குக் காலையில் மை தொட்டு அவள் கன்னத்தில் வைத்த பொட்டு காணோம். குழந்தையை வெள்ளையாக்கச் சொன்னார்கள் அல்லவா, மச்சம் மாசு என்று எல்லாவற்றையும் துடைத்த அந்த மென்பொருள் பொட்டையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. தெருவே பார்க்கிற இடத்தில், ஆள் உயரத்துக்குக் குழந்தையை நிறுத்திவிட்டு, கண்பட வேண்டாம் என்று வைத்த பொட்டை எடுத்துவிட்டார்கள்! நாத்தனார் உடனே பேனர் அடித்த கடைக்குப் போன் போட்டார், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். உள்ளே ஓடிப்போய் ஸ்டூலையும் மை டப்பாவையும் கொண்டுவந்தார். முட்டி வலிக்கிறவர், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி, அந்த வெள்ளைக் கன்னத்தில் விரலால் அப்பினார்.

வழுவழுப்பான ஃப்ளெக்ஸில் மை ஒட்டுமா? மத்தியான வெயிலில் உருகிக் கன்னத்திலிருந்து இறக்கை வரைக்கும் கறுப்புக் கோடாக ஒழுகிவிட்டது. அப்படியேதான் இன்னும் தொங்குகிறது. அழிந்துபோன பொட்டுக்காக ஸ்டூல் போட்டு ஏறினார், உன் கைக்காக ஒருத்தரும் ஏறவில்லை. இதைச் சொன்னால் புரியாது என்று தெரிந்துதான் சொல்லாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

கேக் வெட்டிய சாயங்காலம் உன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கையில் எனக்கு ஒரு தட்டில் கேக். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, அந்த போட்டோ உன் போன்ல அப்பிடியே இர்க்குதா?"

எடுத்துக் கொடுத்தேன். யாழினியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஓரத்தை விரலால் பெரிதாக்கினார். உன் விரல்கள் திரை முழுக்க வந்தன. டேப் சுற்றிச் சுற்றிக் காய்த்த கட்டை விரல், வெட்டாத நகம், எல்லாம். "அவ கைதான்" என்றார். வெகு நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

"அனுப்பட்டுமா அண்ணா?"

"வாணாம்மா. அக்கா பாத்துச்சின்னா பேஜாராய்டும். உன்கிட்டயே இருக்கட்டும்."

ஆலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைக் குறடால் பிடித்துத் திருப்புகிற ஆள். பெண்டாட்டியின் கையைத் தன் போனில் வைத்துக்கொள்ளப் பயப்படுகிறார். பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. மறைத்துச் சொல்ல எனக்கு வராது, அருவருப்புதான் அதிகம். அந்த கேக்கை நான் தின்னவில்லை.

அதற்கு அடுத்த நாள் நாத்தனார் வந்து, மிச்சப் படங்களையும் கொடுத்துவிடும்மா, எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி ஆல்பம் போட்டு வைக்கலாம் என்றார். சுத்தமாம். "கையோட போடறதா இருந்தா தரேன். கை இல்லாம வேணும்னா நீங்களே புச்சா எடுத்துக்கோங்க" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் இன்னும் என்னோடு பேசவில்லை. யாழினியை என் பக்கம் விட மாட்டாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன் ஒரு நாள் கீழே விழும், இல்லை தொலையும். நேற்று லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் பொன்னேரிக்குப் போனேன். இங்கே பஜாரில் பிரிண்ட் போட்டால் படம் அந்த பேனர் கடைக்கே போய்ச் சேரும். பொன்னேரிக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்துவிட்டு, நன்றாக எடுத்திருக்கிறீர்கள் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாயில், "ஓரத்துல யாரோ கை வந்துக்குதும்மா, எடுத்துடட்டா? கொயந்தைக்கும் கொஞ்சம் கலரு ஏத்திடலாம்" என்றார். ஊருக்கு ஊர் இதே வியாதி.

"அந்தக் கைக்குத்தாண்ணா பிரிண்ட்டு. எதையும் தொடாதீங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அது என் பீரோவில், துணிகளுக்கு நடுவே இருக்கிறது. அம்மா எப்படி இருப்பாள் என்று யாழினி ஒரு நாள் கேட்பாள். உன் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவார்கள். அதிலிருந்தே வெட்டி நீ செத்த அன்று தெருமுனையில் கட்டினார்களே, அந்த அஞ்சலி பேனர் படத்தைக் காட்டுவார்கள். இரண்டிலும் இருக்கிற வெள்ளைக்காரி யார் என்று உன் அம்மாவுக்கே தெரியவில்லை, உன் மகளுக்கா தெரியப்போகிறது? நான் இதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். உன் சொந்த நிறத்தில் உன்னில் மிச்சமிருப்பது இந்தக் கை ஒன்றுதான். அதன் மேல் தலையைப் போட்டு அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அச்சாக அதே நிறத்தில்.