பன்னிரண்டாம் பெயரில் வந்த சிவப்பு எழுத்து

புரட்டாதி 13, சனி

காலையிலிருந்து புழுக்கம். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது, பெய்யவில்லை.

கோவிலில் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்தாயிற்று. எனக்கு, மகள் சாந்திக்கு, பேத்தி தர்சிக்கு. பேத்தி என்ன செய்கிறாள் என்று ஐயர் கேட்டார். "கொம்பியூட்டருக்கு எழுதுறாள் ஐயா" என்றேன். கொம்பியூட்டரில் எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர். கொம்பியூட்டருக்கே எழுதுகிறவள் கண்டாவளையில் என் பேத்தி மட்டும்தான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வகுப்பு கிளிநொச்சியில், ஆறு மாதம். வருகிற வெள்ளி முடிகிறது. அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த புரோகிராமை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். வவுனியாவிலிருந்து ஒரு கொம்பனிக்காரர் வருவாராம். இரண்டு பேரைத்தான் வேலை பழக எடுப்பாராம்.

சாந்தி காமன்ற் தையல் வேலைக்குப் படிவம் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறாள். "வெள்ளி சரிவராட்டி திங்கள் காமன்ற். சோதினை எடுத்து ரெண்டு வருசமா வீட்டில இருக்கிறாள். இனி ஏலாது." தர்சியும் தலையாட்டிவிட்டாள். எனக்கு ஐயரிடம் சொல்லிவிட்டு வந்தது மட்டும் ஞாபகம் வந்தது.

வாங்க: நெருப்புப்பெட்டி, சீனி, முழங்காலுக்கு எண்ணெய்.

புரட்டாதி 14, ஞாயிறு

வெயில். கோழி ஒன்று அடைக்கு நிற்கிறது.

தர்சியின் புரோகிராம் விதைநெல்லுக்கு. காலபோக விதைப்புக்கு யாருக்கு எத்தனை புசல் கொடுத்தது என்று கமக்காரர் அமைப்பின் களஞ்சியக்காரர் சின்னத்துரை கொப்பியில் எழுதுவார். இனி அதை லப்டொப்பில் ஏற்றினால், பெயரைக் கேட்டதும் காட்டும், மொத்தமும் சொல்லும். போன வருடத்துக் கொப்பியை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். நாற்பது பெயர்.

செய்தவர் தவிர வேறொருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும், செய்தவர் பக்கத்தில் இருக்கவே கூடாது என்று அவளுடைய சேர் சொல்லியிருக்கிறார். "ஆரைப் பிடிக்கிறது அம்மம்மா?" என்றாள்.

"ஏன், நான் ஆளில்லையோ?"

"உங்களுக்கு விளங்குமோ?"

"கொப்பியைப் பாத்து எழுதத் தெரியும். அஞ்சாம் வகுப்பில எழுத்துக்கு நான்தான் முதல்."

லப்டொப் கட்டைகளில் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறாள். பெயர் கேட்கும், அடித்துப் பெரிய கட்டையைத் தட்டு. எத்தனை புசல் என்று கேட்கும், அடித்துத் தட்டு. கடைசியில் 'முடிவு' என்று அடி. அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பரந்தனுக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போய்விட்டாள்.

பதினொரு பெயர் ஒரு கரைச்சலும் இல்லாமல் போனது. சிவபாதம் 6. கனகம்மா 4. தங்கராசா 8. அப்படியே. ஒரு மணித்தியாலம். எனக்கே என்னைப் பிடித்தது.

பன்னிரண்டாவது, வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிற ராமாயி. அரை ஏக்கர் வயல், ஒரு புசல். கொப்பியில் 'லாபம்' என்று கிடந்தது. நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று யார் சொல்வார்கள்? லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போகும். ஒரு புசலோடு நிற்கிறவர்களுக்கு லாபத்தோடு நிற்கும். சின்னத்துரை அப்படியே எழுதுகிற ஆள். நானும் அப்படியே அடித்தேன். தட்டினேன்.

திரை முழுக்கச் சிவப்பில் இங்கிலீசு. நாலைந்து வரி. கடைசியில், நான் அடித்த சொல்லை அதுவே திருப்பி எழுதியிருந்தது: 'லாபம்'. பிழை விட்ட பிள்ளையின் கொப்பியை வாத்தியார் வகுப்புக்குத் தூக்கிக் காட்டுகிற மாதிரி.

மூடிவிட்டேன். திறந்து பார்த்தேன், சிவப்பு அப்படியே நின்றது. வட்டக் கட்டையை அமத்திப் பிடித்து நிற்பாட்டினேன்.

நாலு மணிக்கு வந்தாள். "எப்பிடி அம்மம்மா?"

"ஒரு கரைச்சலும் இல்லை. பதினொண்டோட களைச்சு, முடிவு எண்டு அடிச்சுப்போட்டன்."

பதினொன்று என்பது மட்டும் உண்மை. உடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

புரட்டாதி 15, திங்கள்

புழுக்கம்.

லப்டொப் ஓடுகிறது. உடையவில்லை. ஆனால் நான் அடித்த பதினொரு பெயரில் ஒன்றுகூட உள்ளே இல்லை. தர்சி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். "சேவ் ஆகேல்லை. என்ர சேவ் பண்ணுற பகுதியில ஏதோ பிழை."

அந்தப் பகுதியை முழுக்க அழித்துத் திருப்பி எழுதினாள். தானே மூன்று பெயர் அடித்துப் பார்த்தாள், மூன்றும் ஏறின. "எனக்கு ஏறுது, உங்களுக்கு ஏன் ஏறேல்லை?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, லப்டொப்பைக் கேட்டாள். ஆனாலும் எனக்குச் சுரீர் என்றது.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது. எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

புரட்டாதி 16, செவ்வாய்

காற்று. சோளகம் இன்னும் விட்டபாடில்லை.

புதிதாகப் புரோகிராம் படிக்கிற பிள்ளைகள் போனில் ஒரு குறூப் வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு, மன்னார், எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைகள். தெரியாததைக் கேட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்களாம். தர்சி எழுதினாள்: "என்ர புரோகிராம் வேலை செய்யுதில்லை, சேவ் ஆகுதில்லை, ஆராவது உதவி செய்யுங்கோ."

மறுமொழிகள் வந்தன. வாசித்துக் காட்டினாள்:

கோப்பைத் திறந்து மூட மறந்திருப்பீர்.
தமிழ் எழுத்தால் வந்த பிரச்சினை, எல்லாவற்றையும் இங்கிலீசில் மாற்றும்.
கோப்பு வேறு இடத்தில் கிடக்கும், தேடிப்பாரும்.
லப்டொப் பழசோ?

எல்லாம் செய்து பார்த்தாள். பின்னேரம் நேற்று ஓடினதும் ஓடவில்லை. எங்கே மாற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவர் மாத்திரம் "எந்த வரியில நிண்டது?" என்று கேட்டிருந்தார். அதற்குத் தர்சியிடம் மறுமொழி இல்லை.

மறுமொழி என்னிடம் இருந்தது. குசினிக்குள் போய்விட்டேன்.

ராமாயி முருங்கைக்காய் கொண்டுவந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேல், பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். "அக்கா, எம் பேரையும் மெசின்ல ஏத்திட்டீங்களா? பாப்பா கொப்பி வாங்கிட்டுப் போச்சுன்னு சின்னத்துரை சொன்னாரு."

"ஏத்தியாச்சு ராமாயி."

"கடேசியா போட்ருக்கீங்களா, நடுவுலயா?"

"பன்னிரண்டாவது."

மனம் குளிர்ந்து போனாள். இரண்டாவது பொய்.

புரட்டாதி 17, புதன்

தூறல், ஐந்து நிமிடம்.

குறூப்பிலிருந்து குரல் ஒன்று வந்தது. பெண் குரல், மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. தர்சி சத்தமாகப் போட்டதால் எனக்கும் கேட்டது. "தங்கச்சி, வேலை செய்யுதில்லை எண்டு மட்டும் சொன்னா நாங்க என்னத்தைப் பாக்கிற? டாக்குத்தரிட்டப் போய் சுகமில்லை எண்டு மட்டும் சொல்லுவீங்களா? என்ன அடிச்சீங்க, என்ன வருமெண்டு நினைச்சீங்க, என்ன வந்தது. மூண்டையும் சொல்லுங்க. சிவப்பில வந்தா அதை அப்படியே படம் எடுத்துப் போடுங்க. அது ஏச்சு இல்லை. அதுதான் விடையைச் சொல்லும்."

அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்ததையே திரும்பவும் களைந்தேன்.

தர்சி வந்து வாசலில் நின்றாள். "அம்மம்மா, அண்டைக்கு நீங்கள் அடிக்கேக்க ஏதாவது சிவப்பா வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை."

ஏன் சொன்னேன்? வாயிலிருந்து தானாக வந்தது. அறுபத்தெட்டு வயதில்.

அவள் குறூப்புக்கு எழுதினாள்: சிவப்பு ஒன்றும் வரவில்லை. மட்டக்களப்புப் பிள்ளை மறுமொழி போட்டது: "அப்ப எனக்கும் தெரியல்ல."

புரட்டாதி 18, வியாழன்

வெயில்.

காலையில் அலுமாரி திறந்து கிடந்தது. படிவம் மேசையில். தர்சியே நிரப்பியிருந்தாள். என்னைப் போல முத்து முத்தான எழுத்து. கையெழுத்தும் வைத்தாயிற்று. சாந்தி தேத்தண்ணி ஊற்றினாள். அவளுக்கும் சந்தோசமில்லை.

"நாளைக்குப் போகேல்லையோ?" என்றேன்.

"என்னத்தைக் கொண்டு போறது? மூண்டு நாளாப் பாக்கிறன், பிழை எங்க எண்டே தெரியேல்ல. எனக்கு இது சரிவராது அம்மம்மா. சும்மா எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டீங்கள்."

கடைசிச் சொல்லுக்கு நான் என்ன செய்ய.

கதிரையில் இருந்தேன். பிறகு எழும்பினேன். பிறகு இருந்தேன். "சிவப்பா வந்தது" என்றேன்.

"என்ன?"

"ஞாயிற்றுக்கிழமை. முழுக்கச் சிவப்பு. நான் உடைச்சுப்போட்டனெண்டு நினைச்சு நிப்பாட்டினனான்."

சாந்தி திரும்பிப் பார்த்தாள். "அம்மா! நேற்றுக் கேக்க இல்லையெண்டனீங்கள்."

"ஓம். பொய் சொன்னனான்."

தர்சி ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. பக்கத்தில் வந்து குந்தினாள். "என்ன அடிச்சனீங்கள்? அது என்ன சொன்னது? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ."

"இங்கிலீசு எனக்கு விளங்கேல்ல. கடைசிச் சொல் மட்டும் தமிழ். லாபம்."

"லாபமோ? அதை ஏன் அடிச்சனீங்கள்?"

"ராமாயிக்கு ஒரு புசல். கொப்பியில அப்பிடித்தானே கிடக்கு. பார்."

கொப்பியைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது பெயரில் ஒன்பது பேருக்கு லாபம். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரச் சிரிப்பு. புரோகிராம் எத்தனை என்று கேட்டால் எண்தான் வரும் என்று எழுதியிருந்தாளாம். எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்ததும் அது அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. சேமிக்கிற வேலையைக் கடைசியில் வைத்திருந்ததால் பதினொரு பெயரும் அதோடு சேர்ந்து போய்விட்டன. சேமிக்கிற பகுதியில் ஒரு பிழையுமே இருக்கவில்லையாம்.

"மூண்டு நாள் பிழை இல்லாத இடத்தைப் பிச்சுப் பிச்சுப் பாத்திருக்கிறன்."

"அப்ப உடைச்சது நானில்லையோ?"

"நீங்கள் அடிச்சதில பிழை இல்லை. நிப்பாட்டினதுதான் பிழை."

அது போதும் எனக்கு. சாப்பாடு கேட்காமல் பின்னேரம் வரை எழுதினாள். லாபம் என்று வந்தால் ஒன்று என்று எடுக்கும். ஒவ்வொரு பெயரையும் அடித்த உடனேயே சேமிக்கும். படுக்கப் போக முன்னம் நாற்பது பெயரும் நானே அடித்தேன். ராமாயி பன்னிரண்டாவது. ஒரு பொய் கழிந்தது.

படிவத்தைச் சாந்தி எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை.

புரட்டாதி 19, வெள்ளி

மழை வரும் போல. வரவில்லை.

ஆறரை பஸ்ஸில் போனாள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கோழிக்கூடு கூட்டினேன், இரண்டு தரம்.

ஐந்து மணிக்கு வந்து சொன்னது: கொம்பனிக்காரர் தானே கதிரையில் இருந்து அடித்தாராம். கொப்பியில் லாபத்தைக் கண்டு ஏன் இப்படி என்று கேட்டாராம். "எங்கட ஊரில முதல் புசலை ஒண்டு எண்டு சொல்ல மாட்டினம் சேர்" என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, வேண்டுமென்றே 'மூன்றரை' என்று எழுத்தில் அடித்தாராம்.

சிவப்பு. எல்லோர் முன்னாலும்.

"நீ என்ன செய்தனி?" சாந்தி.

"மூடேல்ல. சத்தமா வாசிச்சன். இந்த வரியில நிண்டிருக்கு, இது எண்ணை எதிர்பாக்குது, எழுத்து வந்திருக்கு, இப்பிடி மாத்த வேணும் எண்டு சொன்னன். மாத்த நேரம் தரேல்ல."

"அப்ப?"

"எழுதிக்கொண்டார். திங்கள் சொல்லுவினம்."

 கோவில் பக்கம் போகவில்லை. ஐயர் கேட்டால்?

புரட்டாதி 22, திங்கள்

மழை! விடிய மூன்று மணியிலிருந்து. முற்றத்து விறகு நனைந்துவிட்டது.

பத்தேகாலுக்குப் போன் வந்தது. எடுபட்டது தர்சியும், ஒரு பொடியனும். அடுத்த ஞாயிறு வவுனியாவுக்குப் போக வேண்டும்.

சாந்தி படிவத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். ஈர விறகுக்கு உதவியது.

எடுபட்டதற்குக் காரணம் என்ன என்று போனில் கொம்பனிக்காரரைத் தர்சி கேட்டாளாம். மற்றப் பிள்ளைகள் சிவப்பு வந்தவுடன் மூடினார்களாம், அல்லது இதற்கு முன் இப்படி வந்ததில்லை என்று சொன்னார்களாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

குறூப்புக்கும் எழுதினாள், பிழை எதுவென்று. மட்டக்களப்புப் பிள்ளை: "அம்மம்மாவுக்கு ஒரு கும்பிடு."

புரட்டாதி 28, ஞாயிறு

மப்பு மந்தாரம். ஏழு மணி பஸ். இரண்டு பை, ஒரு போத்தல் ஊறுகாய். புது வேலைக்கு அங்கே லப்டொப் தருவார்களாம், பழையதை எனக்கு விட்டுவிட்டுப் போகிறாள்.

பஸ்ஸில் ஏறிவிட்டு எட்டிச் சொன்னது: "அம்மம்மா, சிவப்பு வந்தா?"

"போ பிள்ளை, வராது."

புரட்டாதி 29, திங்கள்

வெயில். ஈரம் காய்கிறது.

சின்னத்துரை இந்த வருடக் கொப்பியோடு வந்தார். தேத்தண்ணி, இரண்டு பிஸ்கற். நான் அடிக்கிறதைப் பார்க்க வேண்டுமாம், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "கண்ணாடி போட்டு இருக்கேக்க வங்கியில இருக்கிற அம்மா மாதிரி இருக்கிறியள் அக்கா." எனக்கு விரல் இன்னும் வேகமாய்ப் போனது. ராமாயி, லாபம். போனது. தங்கராசா 8. போனது.

ஏழாவது பெயரில் சிவப்பு.

சின்னத்துரை முன்னுக்குச் சரிந்தார். "என்னக்கா, உடைச்சுப்போட்டியளோ?"

"அப்பிடித்தான் போல கிடக்கு" என்றேன்.

மூடவில்லை. தர்சிக்குப் போன் எடுத்தேன். வேலை இடம், மெதுவாகக் கதைத்தாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்றேன், சின்னத்துரைக்கும் கேட்கும்படியே சொன்னேன், மறைக்கவில்லை. "அப்ப கடைசி வரியை வாசியுங்கோ அம்மம்மா, முதல் எழுத்தில இருந்து." ஐந்தாம் வகுப்பில் படித்தது இங்கிலீசுப் பெரிய எழுத்து மட்டும், சின்ன எழுத்தில் தடுமாற்றம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

வி. ஏ. எல்.