மூன்றாம் மெஷினின் சந்தனப் பொட்டு

6 அக்டோபர் 2025, திங்கள்

நீலாய் ஃபேக்டரி, மலேசியா. மூன்றாம் மெஷினில் படலம் மறுபடியும் உரிந்துவிட்டது. காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி எஃகுத் தகட்டின் மேல் படியவைப்பதுதான் எங்கள் வேலை. டேப்பை ஒட்டி இழுத்தால் படலம் அசையக் கூடாது. இன்று வாழைப்பழத் தோல் மாதிரி டேப்போடு வந்தது.

மேனேஜர் மகிந்தன் மெஷின் கதவைக் காட்டினார். போன வாரம் ஆயுத பூஜைக்கு டெக்னீஷியன் தர்மேந்திரன் வெளிப்பக்கம் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

"இதான் காரணம். எஸ்டேட் பழக்கத்த இங்க கொண்டு வந்தா இப்படித்தான் லா."

எஸ்டேட் பழக்கமா? புக்கிட் பெலண்டோக்கில் என் தாத்தா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் இவர் தாத்தா கூலிகளுக்குக் கணக்கெழுதும் கிராணி. அந்த மிதப்பு இன்னும் போகவில்லை!

8 அக்டோபர்

தர்மேந்திரனை மகிந்தன் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். தீபாவளி நெருங்கும் நேரத்தில்! ஒரு சோதனை உண்டா, ஓர் அளவீடு உண்டா? அவனுக்குப் போன் செய்தேன்.

"விடுங்கக்கா. மெசினு நல்லா ஓடணும்னுதானே வச்சேன்," என்றான்.

எனக்குப் பூஜையில் நம்பிக்கை இல்லை. அதற்காக? மூடின கதவுக்கு வெளிய இருக்குற குங்குமம் உள்ள எப்படிப் போகும்? இத்தன வருசமா கெமிஸ்ட்ரி பண்றேன், என்கிட்டயே கதை விடுறாரு!

9 அக்டோபர்

பொட்டைத் துடைக்க வந்த கிளீனரைத் தடுத்துவிட்டேன். உரிந்த தகட்டை ஆய்வுக்கு அனுப்பினேன்.

14 அக்டோபர்

முடிவு வந்தது. குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது; அது பட்டிருந்தால் சுண்ணாம்பு தெரிய வேண்டும். துளிகூட இல்லை. இருப்பது சிலிக்கோன் எண்ணெய். அது இம்மியளவு இருந்தாலும் போதும், படலம் ஒட்டாது.

கதவின் கீலிலும், கதவு திறந்திருந்தபோது சாரல் தெறித்த உள்சுவரிலும் அதே எண்ணெய். அடித்தது யார்? சாட்சாத் மகிந்தனேதான்! ஸ்ப்ரே டின் அவர் மேசையிலேயே இருக்கிறது. கேட்டால், "கஸ்டமர் வர்ற நேரத்துல கதவு கீச்சு கீச்சுன்னுச்சு. நான்தான் அடிச்சேன், என்ன இப்ப?" என்கிறார்.

15 அக்டோபர்

கீல், உள்சுவர் எல்லாவற்றையும் நானே கழுவினேன். பொட்டை மட்டும் தொடவில்லை. மெஷினை ஓட்டி, மகிந்தன் கண்முன்னாலேயே டேப்பை இழுத்தேன். படலம் அசையவில்லை.

"ஓகே லா, சின்ன விசயம்," என்றார்.

சின்ன விசயமா? ஒருத்தன் சோத்துல கைய வச்சது சின்ன விசயமா?

"அப்ப அவனுக்கு நீங்களே போன் பண்ணுங்க சார். இல்லன்னா கஸ்டமர் மீட்டிங்ல இந்த ரிசல்ட்ட நான் வாசிப்பேன்," என்றேன்.

17 அக்டோபர்

தர்மேந்திரன் வந்துவிட்டான்.

27 அக்டோபர்

தீபாவளி லீவு முடிந்து முதல் நாள். பொட்டு காய்ந்து உதிர்கிறதே என்று தர்மேந்திரன் துணியோடு போனான். மகிந்தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"டேய், அதத் தொடாத! இருக்கட்டும் லா. மெஷின் நல்லா ஓடுதுல்ல!"

கடவுளே! அத்தனை சோதனை செய்து காட்டியும் இந்த மனிதர் தெரிந்துகொண்டது இதுதானா?

தர்மேந்திரன் துணியை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவனிடம் ஒரு மன்னிப்பு கேட்க மட்டும் அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.