நடுவிலிருந்து அடுக்குகிறவள்

மார்ச் 3

சைக்கிளிலிருந்து விழுந்து மாவுக்கட்டுப் போட்டுப் பதினோரு நாள். வீடு நாலாவது மாடி. லிஃப்ட்டில் "பழுது" என்று ஒட்டிய தாளே கிழிந்து தொங்குகிறதாம். அம்மா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒரே வசனம்: "வாசப்படியைத் தாண்டினே, இன்னொரு காலை நானே உடைப்பேன்." தாண்டி எங்கே போக? கட்டிலிலிருந்து சமையலறை ஜன்னலுக்கு நொண்டியடித்தால் ஒன்பது தப்படி. அவ்வளவுதான் என் உலகம்.

மார்ச் 4

அம்மாவின் பழைய கணினியில் துண்டுகளைச் சேர்த்துப் படம் அடுக்கும் ஒரு ஜிக்சா விளையாட்டு கிடைத்தது. முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து ஒரே படத்தை அடுக்கலாம், எழுதிப் பேசலாம். நான் 'சுண்டெலி'. எனக்கு வாய்த்த கூட்டாளி 'இடிமுழக்கம்'. அப்பப்பா, என்ன வாய்! நான் ஒரு வரி எழுதுவதற்குள் நாலு கிண்டல். இன்றைக்குத்தான் சிரித்தேன்.

மார்ச் 7

ஆயிரம் துண்டு ஆந்தைப் படம். எல்லோரும் ஓரத்துத் துண்டுகளைத்தான் முதலில் தேடுவார்கள். நானும் அப்படித்தான். இடிமுழக்கம் நேரே நடுவில், ஆந்தையின் கண்ணில் ஆரம்பிக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"கதை நடுவுலதான் இருக்கு. ஓரத்துல வெறும் இலை."

இதை ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுத் தரையில் படுத்து, என்னோடு அட்டைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, திக்கித் திக்கிச் சொன்னாள்.

சே, இருக்காது. அவளாவது, இப்படி வாயடிப்பதாவது!

மார்ச் 8

அவள்தான். இரண்டாவது மாடிக்காரி.

இன்று எழுதினாள்: "எங்க பில்டிங்ல மேல ஒருத்தி கால் உடைஞ்சு கிடக்கா. முன்னாடி என் ஃப்ரெண்டு. போய்ப் பாக்கலாமா? போனா பேசணும். நான் பேசறதைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வெச்சவளே அவதான்."

ஆமாம், நான்தான். போன வருஷம் டீச்சர் வராத ஒரு அரைமணி நேரம். மேசைமேல் ஏறி நின்று அவள் திக்குவதை நடித்துக் காட்டினேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஏன் செய்தேன்? கைதட்டலுக்கு. வேறு ஒன்றுமே இல்லை.

அவள் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டுமே — பயத்தில் "போகாதே" என்று எழுதிவிட்டேன்.

"சரி. நீயாவது உண்மையைச் சொல்றியே" என்றாள்.

மார்ச் 9

திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

மார்ச் 12

"நான்தான்" என்று எழுதி எழுதி அழித்தேன். சொன்னால் இடிமுழக்கமும் போய்விடும். இந்த நாலு சுவருக்குள் எனக்கு இருப்பது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால், அவளைத் தினமும் ஏமாற்றிக்கொண்டே சிரிக்க வேண்டும். வசமா மாட்டிக்கிட்டேன். அன்னைக்கும் இந்த வாய்தான், இன்னைக்கும் இந்த வாய்தான்!

மார்ச் 14

போனேன். அம்மா வேலைக்குப் போனதும், உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக முப்பத்தாறு படி. அவளுடைய அக்கா கதவைத் திறந்து "அடிப்பாவி, எப்படிடி வந்தே?" என்றாள். உள்ளே அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில்: "சுண்டெலி, எங்க போனே?"

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நடிச்சுக் காட்டினது தப்பு. போகாதேன்னு எழுதினதும் தப்பு. நீதான்னு தெரிஞ்சே எழுதினேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"போ" என்றாள். கொஞ்சங்கூடத் திக்கவில்லை.

ஏறி வர ஒரு மணி நேரம் ஆனது.

மார்ச் 15

இடிமுழக்கம் வரவில்லை.

மார்ச் 18

வரவில்லை. ஆந்தை பாதியில் நிற்கிறது. தனியாக அடுக்க எனக்கு மனசில்லை.

மார்ச் 21

சாயங்காலம் யாரோ கதவைத் தட்ட, அம்மா திறந்தாள். அவள்! கையில் எங்கள் பழைய ஜிக்சா பெட்டி, மூடி கிழிந்தது. நேரே உள்ளே வந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள்.

"ஓ... ஓ..."

என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் அவள் வார்த்தையை நானே முடித்துவிடுவேன், பெரிய உதவி செய்கிற மாதிரி. அம்மா தானே சொல்லி முடிக்க வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஓ... ஓ... ஓரம் நீ அடுக்கு."

மாவுக்கட்டுக் காலை நகர்த்தி, நடுவில் அவளுக்கு இடம் விட்டேன்.