தப்பாகத் தேடும் வகுப்பு

இன்று காலை ஆன்லைன் வகுப்பு தொடங்கியதுமே யாரோ ஒருத்தி மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. உடனே உன் ஞாபகம்தான். நீ இருந்திருந்தால் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டு, அவள் வாயைக் கிளறியிருப்பாய்.

அப்போது நம் கல்லூரி நூலகத்தின் சார்பில், ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தேடுவது எப்படி என்று நாம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிது. மேனாம்பேட்டிலிருந்து நான் பேசுவேன். கொரட்டூர் வீட்டிலிருந்து நீ சாட்டில் வரும் கேள்விகளைக் கவனிப்பாய். நான் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே போக, பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் போனில் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடி, செவுத்தாண்ட பேசிகினு கீற? தப்பா தேடிக் காட்டு. திருத்துறதுக்கு ஓடியாருவாங்க."

நூலகரே தப்பாகத் தேடினால் மானம் போகாதா என்றேன். மானம் போனால் போகட்டும், பிள்ளைகள் போகாமல் இருந்தால் சரி என்றாய். அடுத்த வகுப்பில் ஏரி மாசு பற்றித் தேடுகிறேன் என்று வெறும் 'தண்ணீர்' என்று தட்டினேன். சம்பந்தமில்லாததெல்லாம் வந்து கொட்டியது. ஊர்ப் பெயரைச் சேருங்கள், வருட வரம்பைக் குறையுங்கள் என்று சாட் சந்தைக்கடையாகிவிட்டது. நீ ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எவருக்குத்தான் தூக்கம் வரும்!

நீ இறந்தபின் மாதா கோயிலில் உன் ஆன்மாவுக்காகப் பூசை வைத்த அன்றுகூட நான் அழவில்லை. அதன்பின் வகுப்பு மெல்ல ஆட்டம் கண்டது. இந்த முறையும் கூட்டம் பாதியில் கலைந்தால் நேரடி வகுப்பே வேண்டாம், வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். நீ மல்லுக்கட்டி வாங்கிய வகுப்பு. தனி ஆளாக எப்படிக் காப்பாற்றுவேன் என்ற யோசனையோடுதான் காலையில் வகுப்பைத் தொடங்கினேன்.

குக்கர் அடங்கியதும் வழக்கம்போலத் தப்பாகத் தட்டினேன். அப்போது பழக்கதோஷத்தில், "சாட்ல என்ன கேக்குறாங்க பாருடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும். நானே சாட் பெட்டியைத் திறக்கப் போனேன்.

அண்ணனூர்ப் பெண் ஒருத்தி, எந்த வகுப்பிலும் வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்.

"நான் பாக்குறேன் மேம். ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. படிக்கட்டுமா?"

பெயரைச் சொல்லிச் சொல்லிப் படித்தாள். கடைசிவரை ஒருவரும் போகவில்லை. அவள் படிக்கும்போதே நான் கேமராவை அணைத்துவிட்டு, உனக்காக அழுதுகொண்டே, அடுத்த தப்பைத் தட்டினேன்.