பட்டனின் கட்டைவிரல் நகம்

செம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், அம்மா, நம் நாய் பட்டன் மூன்று பேரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று பேரும் சுகம் என்று எழுத முடிகிறதே, அதுவே பெரிய காரியம்மா, போன மாதம் என்றால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். நாலாவது தெரு ஆல்வின் லீவு முடிந்து ஜெர்மனிக்குத் திரும்புகிறான், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறது அங்கிள் என்றான். அம்மா பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் கட்டிக் கொடுத்தாள், நான் நீ கேட்ட இரண்டு சுடிதாரையும் தைத்து வைத்தேன், மிச்ச இடுக்கில் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பேசி முடித்து போன் என் கைக்கு வரும்போது நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறாய்.

பட்டன் ஏன் காலை நக்கிக்கொண்டே இருக்கிறான் என்று கேட்டாயே, அதற்கு அம்மா சுளுக்கு என்று சமாளித்தாள், அது சுளுக்கு இல்லை. மழைக்கு ஏரி நிறைந்து, தெருவில் குழாய் போடத் தோண்டி, எல்லாம் சேறு, நான் அவனை வெளியே நடத்திக்கொண்டு போகவே இல்லை. ரோட்டில் ஓடினால் நகம் தானாகத் தேய்ந்துவிடும், வீட்டு டைல்ஸில் என்னத்தைத் தேயும். டக் டக் என்று சத்தம் கேட்டதும் நானும் அம்மாவிடம் "ஞானஜோதி, உன் புள்ள ஹீல்ஸ் போட்டுக்கினு வர்றான் பாரு" என்று சிரித்தேனே தவிர, குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. முன்னங்காலில் உள்பக்கம் கொஞ்சம் மேலே தனியாகத் தொங்குமே கட்டைவிரல், அது தரையிலேயே படாது, அதனால் தேயவும் தேயாது. இடது காலில் அந்த நகம் வளையல் மாதிரி சுருண்டு வளர்ந்து அவன் தோலையே குத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள்.

ஆட்டோவில் ஏற்றி குரோம்பேட்டையில் ஸ்ரீவித்யா டாக்டரிடம் போனோம். மேஜை மேல் வைத்ததும் பயல் போட்ட கூச்சலில் வெளியே இருந்த பூனை கூடையோடு ஓடியிருக்கும். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை, மூச்சு இரைத்து நாக்கு நீலமாகிவிட்டது. டாக்டரம்மா உடனே கையை எடுத்துவிட்டார்கள். "வயசாயிடுச்சு சார், ஹார்ட் வீக்கா இருக்கு. இங்க கட்டாயப்படுத்த வேணாம், வீட்ல அவன் இடத்துலயே கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க. நகம் சதைக்குள்ள போயிட்டா மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும், இவனுக்கு அது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்கள். திரும்பி வரும்போது அம்மா ஆட்டோவில் அவனை மடியை விட்டு இறக்கவில்லை. நான் மட்டும், இத்தனை வருஷம் கத்தரி பிடித்த கைக்கு ஒரு நாய் நகம் எம்மாத்திரம் என்று அளந்துகொண்டு வந்தேன்.

அடுத்த கூத்தைக் கேள். அவனுக்கு வலது முன்னங்கால் மட்டும்தானே வெள்ளை, அதில் நகமும் வெள்ளை, வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ரோஸ் கலரில் உயிர்ச்சதை எதுவரை வந்திருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அதைத் தொடாமல் நுனியை வெட்டினால் ஒன்றும் ஆகாது. மற்ற மூன்று காலும் கரி நகம், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். உன் அப்பன் டெய்லர் மூளை என்ன செய்தது தெரியுமா? வெள்ளைக் காலை அளவு ஜாக்கெட்டாக வைத்துக்கொண்டேன். டேப் வைத்து அளந்து, அதே அளவைக் கரி நகத்திலெல்லாம் துணிக்குக் கோடு போடுகிற சாக்கால் வரைந்தேன். கோடு அவ்வளவு நேர்த்தி, எனக்கே பெருமையாக இருந்தது. நாய்க்கென்று விற்கிற நகவெட்டியை எடுத்து முதல் நகம், சரியாக வந்தது. இரண்டாவதில் கோட்டின் மேலேயே ஒரே வெட்டு, ரத்தம் கொட்டிவிட்டது. பட்டன் கத்தினான், அவனைவிட நான் கத்தினேன். அழுத்திப் பிடிக்க டாக்டர் சோள மாவு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், அது அலமாரியில் பத்திரமாக இருந்தது. அம்மா பதற்றத்தில் மஞ்சள் தூள் டப்பாவையே கவிழ்த்துவிட்டாள். அவன் வீடு பூரா ஓடி சுவரெல்லாம் மஞ்சள் பாதம். கடைசியில் பிடித்து சோள மாவை நகத்து நுனியில் அப்பி, துணியால் விடாமல் அழுத்திய பிறகுதான் ரத்தம் நின்றது.

அந்த நேரம் பார்த்து பேபி அத்தை ஜாக்கெட் வாங்க வந்தாள். "இன்னாண்ணா, நாய்க்கு நலங்கு வெச்சிகினு கீறீங்க, பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டுச் சிரித்தாள். நடந்ததைச் சொன்னேன். "நீ தெச்ச ஜாக்கெட்டுல எனக்கே ஒரு கை டைட்டு, ஒரு கை லூசு. இதுல நாய்க்கு நாலு காலும் ஒரே அளவா இருக்கும்னு எவன்ணா சொன்னான்?" என்றாள். கேலிதான், ஆனால் சரியாகத்தான் கேட்டாள். டாக்டரிடம் போனில் கேட்டேன், ஒவ்வொரு நகத்துக்கும் சதை ஒவ்வொரு நீளம், நகம் வளர வளர அதுவும் கூடவே நீளும் என்றார்கள்.

அதற்குப் பிறகு பயல் என் பக்கமே வரவில்லைம்மா. துணி வெட்டக் கத்தரியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். என் கையால் பிஸ்கட் கொடுத்தால் தின்னமாட்டான், அம்மா கொடுத்தால் தின்பான். அந்தச் சுருண்ட நகமோ அப்படியே இருக்கிறது. என்னால் போய்விடுவானோ என்று நினைத்துச் சாப்பாடே இறங்கவில்லை. அம்மாதான் வழி சொன்னாள், "வெட்டறதை விடுங்க, மொதல்ல சமாதானம் ஆவுங்க" என்றாள். நகவெட்டியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தேன். பிறகு அம்மா தட்டில் கெட்டித் தயிரைப் பூசி வைப்பாள், அவன் நக்கும்போது நான் காலை மட்டும் தொட்டு விட்டுவிடுவேன். பிறகு நகவெட்டியை நகத்தில் தொட்டு எடுப்பேன், வெட்டமாட்டேன். அவன் காலை இழுக்காமல் இருக்கப் பழகிய பிறகுதான் வெட்டவே தொடங்கினேன், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு நகம், அரிசி நுனி அளவு. நகத்தில் வெட்டின இடத்தைப் பார்க்க வேண்டும், காய்ந்து வெள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம், நடுவில் ஈரமாகக் கறுப்புப் பொட்டு தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

முந்தாநாள் அந்தச் சுருண்ட நகம். அம்மா ஒரு கையில் தயிர்த் தட்டு, ஒரு கையில் போன் டார்ச், வாயில் ஜெபம். நான் அவன் பக்கத்தில் தரையில் படுத்தே விட்டேன் என்று வைத்துக்கொள். நுனியிலிருந்து துணுக்கு துணுக்காக எடுத்தேன், வளையல் பாதியாகி, பிறகு தோலை அழுத்திக்கொண்டிருந்த முனை டிக்கென்று தெறித்து விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தோலில் சிவப்பாக ஒரு பள்ளம் மட்டும், ஓட்டை விழவில்லை. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம், ஊசி எல்லாம் வேண்டாம், இனி மாதா மாதம் இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா அழுதாள், வெங்காயம் என்றாள், கையில் இருந்தது தயிர். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன், எதற்கு என்று நீ கேட்காதே.

இப்போது புதுத் தொல்லை. வெட்ட ஒரு நகமும் பாக்கி இல்லை, ஆனால் பயல் மாலையானால் என் முன்னால் வந்து உட்கார்ந்து தானாகவே காலை நீட்டுகிறான், தயிர் வேண்டுமாம். நானும் காற்றில் டிக் டிக் என்று வெட்டிக் காட்டி, "ஆச்சு சார், அடுத்த கால்" என்கிறேன். நாலு காலும் முடிந்தால்தான் எழுந்து போகிறான்.

சுடிதார் கை இறுக்கமாக இருந்தால் உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள். பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக முடியாவிட்டாலும் படுக்கும் முன் ஜெபம் பண்ணு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அடுத்த தடவை போனில் முதலில் என்னிடம் பேசு, பட்டன் காலைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

என்றும் உன் நன்மையே நினைக்கும் அப்பா,
ஏசுதாசன்
(பட்டனின் ஆஸ்தான டெய்லர்)