நாற்பதடியும் இரண்டு கற்களும்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அக்கா ஃபோனில் வந்தால் பாதி நேரம் அழுகையிலும் மீதி நேரம் அறிவுரையிலும் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

வீட்டு வேலை ஜோராக நடக்கிறது. சமையலறைச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு சின்னச் சிக்கல்தான். நாம் சேர்ந்து வாங்கிய மனையைப் பிரித்து எழுதினோமே, அந்தப் பத்திரத்தில் என் பங்கு 'மேற்கு வேலியிலிருந்து கிழக்கே நாற்பது அடி, அங்கே நட்டிருக்கும் இரண்டு எல்லைக்கற்கள் வரை' என்று இருக்கிறது. நாற்பதடி அளந்துதான் சுவர் எழுப்பினேன். நேற்று புதரை வெட்டினால், கற்கள் முப்பத்தேழாவது அடியில் உட்கார்ந்திருக்கின்றன! அதன்படி பார்த்தால் சமையலறை மூன்றடி உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் பத்திரத்தில் நாற்பது என்றால் நாற்பதுதானே அத்தான்?

உங்கள் மச்சான்

மார்ச் 19

மச்சானுக்கு,

நாற்பதுதானே என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாய்! அந்தக் கற்களை நட்டபோது பக்கத்தில் நின்று மண்ணை மிதித்தவன் நீ. பஸ் ஓட்டுகிறவன் முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக என் மண் உன்னுடையதாகிவிடாது. வேலையை நிறுத்து. ஒரு வக்கீலைப் பார்.

இதுவரை எழுதியதை உன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "மூணடிக்காக என் தம்பியை இப்படியா பேசுவீங்க?" என்றாள். அதோடு சரி, இரண்டு நாளாக என்னிடம் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வருகிறது, நல்ல சத்தத்தோடு.

அத்தான்

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். வக்கீலம்மாவைப் பார்த்தேன். பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "எண் எழுதுறதுல தப்பு வரலாம். கல்லை ரெண்டு பேரும் கண்ணால பாத்து ஒத்துக்கிட்டீங்க. ரெண்டும் முரண்பட்டா, நட்ட கல்லுதான் நிக்கும்" என்றார்.

"அப்ப என் சமையலறை?"

"அடுப்பு உங்க மண்ணுல, பாத்திரம் கழுவுறது அத்தான் மண்ணுல" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கற்கள் தெரிந்த அன்று கொத்தனார், "மூணடி தள்ளி நட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். பெரிதாகப் பாராட்ட வேண்டாம், ஒரு நிமிஷம் யோசித்த பிறகுதான் சொன்னேன்.

மாதக் கடைசியில் சுவரை இடிக்கச் சொல்லியிருக்கிறேன். இனியாவது உங்களிடம் பேசச் சொன்னேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 20

அன்பு மச்சானுக்கு,

சுவரைத் தொடாதே என்று அக்கா ஃபோனில் சொல்லியிருப்பாள். காரணத்தை நானே எழுதுகிறேன் என்றேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து முப்பத்தேழு எப்படி நாற்பதானது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நேற்று ஆஸ்பத்திரி வேலையில் ஒரு நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று ஞாபகம் வந்தது. அன்று நாம் அளந்த டேப்பில் முதல் மூன்றடி கிழிந்து போயிருந்தது. மூன்று என்ற எண்ணிலிருந்துதான் டேப்பே தொடங்கும். அந்த முனையை வேலியில் பிடித்தவன் நான். நீ கல்லருகே நின்று "நாப்பது" என்று கத்தினாய், நான் கழிக்காமல் எழுதிவிட்டேன். தப்பைச் செய்துவிட்டு உன்னைத் திட்டியும் இருக்கிறேன். மன்னித்துவிடு.

சமையலறை நிற்கும் மூன்றடி உனக்கு. அதற்கு ஈடாக, அதே நீளத்துக்கு முன்பக்கம் மூன்றடி எனக்குக் கொடு. பரிவர்த்தனைப் பத்திரமாகப் பதிந்துகொள்வோம். எல்லை கொஞ்சம் வளைந்து போகும். போகட்டுமே, நம் குடும்பத்தில் எதுதான் நேராகப் போயிருக்கிறது?

பதிய என் கையெழுத்து வேண்டும். பவர் எழுதி அனுப்பினாலே போதும் என்றார்கள். ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை நாங்கள் இருவரும் நேரில் வருகிறோம். ஜூன் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. உன் அக்கா இப்போதே பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பேசவும் ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

அதற்குள் சமையலறைக்குக் கூரை போட்டுவிடு.

உன் அத்தான்